கான்டீனா என்ற சொல்: நிலவறையிலிருந்து மெக்சிகோ மதுக்கூடம் வரை

கேள்வி இதுதான்: மெக்சிகோவில் நடக்கும் கதையொன்றைத் தமிழாக்கும்போது 'கான்டீனா' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கேண்டீன் என்று எழுதலாமா, பார் என்று எழுதலாமா? அது ஸ்பானியச் சொல்தானா? எங்கிருந்து வந்தது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோக் கதையில் கேண்டீன் என்று எழுதவே கூடாது. வாசகர் எவர்சில்வர் தட்டையும் டோக்கன் வரிசையையும்தான் நினைத்துக்கொள்வார். பார் என்றால் பிழையில்லை, ஆனால் அந்த இடத்துக்கே உரிய பழக்கவழக்கமெல்லாம் கழன்று போய்விடும். கான்டீனா என்றே வைத்துக்கொண்டு, முதல் தடவை வருகிற இடத்தில் அது மதுக்கூடம் என்பது தானாக விளங்கும்படி வாக்கியத்தை அமைத்துவிடுங்கள். மற்றபடி, ஆங்கிலம் இச்சொல்லை ஸ்பானியத்திடம் வாங்கியது, ஸ்பானியம் இத்தாலியத்திடம் வாங்கியது. நம் கேண்டீனும் அதே இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான், வேறொரு பாதையில்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானியத்தில் நடுவில் வருவது 'டீ' அல்ல, நாக்கு பல்லைத் தொடும் 'தீ'. அழுத்தமும் அந்த அசையில்தான். ஆனால் 'கந்தீனா' என்று எழுதினால் தமிழ்க் கண் அதைப் 'பந்து' என்பதில் வருகிற மெல்லிய தகரமாகப் படித்துவிடும். ஆகவே 'கான்டீனா' ஒரு சமரசம். இதைவிடத் திருத்தமாக எழுதப் போனால் வாசகர் தடுக்கி விழுவார்.

இத்தாலியத்தில் இச்சொல்லின் அடிப்படைப் பொருள் நிலவறை. வீட்டுக்கு அடியில் வெயில் படாமல் ஒயின் பீப்பாய்களை அடுக்கும் அறை. இன்றும் இத்தாலியில் இந்தச் சொல்லைக் கேட்டால் குடிக்கப் போகும் இடம் யாருக்கும் நினைவுக்கு வராது; வீட்டு நிலவறையோ ஒயின் தயாரிக்கும் ஆலையோதான். திராட்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஒயின் ஆலைக்கு 'கான்டீனா சோச்சாலே' என்று பெயர். இத்தாலியப் பாட்டில் ஒன்றின் மேல் கான்டீனா என்று கண்டால் தயாரிப்பாளரின் பெயர் தொடர்கிறது என்று பொருள்.

அந்த நிலவறைச் சொல் 'கான்டோ' என்பதிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான அகராதிகளின் கருத்து. கான்டோ என்றால் மூலை, விளிம்பு. சிறுமை காட்டும் '-ஈனா' விகுதி சேர்ந்தால் சின்ன மூலை, ஒதுக்குப்புறம். சில அறிஞர்கள் இவ்விடத்தில் ஐயக்குறி போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூலை என்ற கான்டோ, லத்தீனின் 'காந்துஸ்' என்பதிலிருந்து வருகிறது: வண்டிச் சக்கரத்தின் மேல் பூட்டும் இரும்புப் பட்டை. இது லத்தீனுக்கே அந்நியமான சொல் என்பதில் பழைய சாட்சி உண்டு. முதலாம் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன், பிறமொழிக் கலப்பைப் பற்றி எழுதும்போது இதை ஆப்பிரிக்கச் சொல் அல்லது ஸ்பெயின் நாட்டுச் சொல் என்கிறார். குவின்டிலியனே இன்றைய ஸ்பெயினில் உள்ள கலாஓராவில் பிறந்தவர். கெல்ட்டிய மொழிகளிலும் விளிம்பு, வட்டம் என்ற பொருளில் இதற்கு இணையான சொல் இருப்பதால், அங்கிருந்து லத்தீனுக்குள் வந்திருக்கும் என்பது இப்போது பரவலான கருத்து.

இந்த மூலையிலிருந்து கிளம்பிய சொற்கள் நம் ஊரிலும் புழங்குகின்றன. கான்டோவின் பெருமை வடிவம் 'கான்டோனே': பெரிய மூலை, நிலத்தின் ஒரு துண்டு. சுவிட்சர்லாந்தின் மாநிலங்களுக்கு 'கேன்டன்' என்று பெயர் வந்தது அப்படித்தான். படைகளைத் துண்டு துண்டாக ஓரிடத்தில் தங்கவைப்பது பிரெஞ்சில் ஒரு வினையாகி, ஆங்கிலம் வழியே கண்டோன்மென்ட் ஆயிற்று. பரங்கிமலை கண்டோன்மென்ட், திருச்சி கண்டோன்மென்ட் எல்லாம் அந்தக் கிளை. ஒயினைக் கசடு கலங்காமல் சாய்த்து ஊற்றும் டிகேன்டர் குடுவையும் இதே வேர்தான். இடைக்கால லத்தீனில் ஜாடியின் உதட்டுக்குக் 'காந்துஸ்' என்று பெயர், அந்த உதட்டின் வழியே ஊற்றுவது வினையாயிற்று.

பாடுவதற்கு ஸ்பானியத்தில் 'கன்தார்' என்பார்கள். குடித்துவிட்டுப் பாடுகிற இடம், அதனால் கான்டீனா என்று ஒரு விளக்கம் பயணக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும். அது வெறும் ஒலி ஒற்றுமை. பாட்டுக்கான லத்தீன் வேர் வேறு, மூலைக்கான வேர் வேறு.

நிலவறை எப்படிக் கடையாயிற்று? பதில் ராணுவத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மொழி 17ஆம் நூற்றாண்டில் இச்சொல்லை இத்தாலியத்திலிருந்து எடுத்துக்கொண்டு 'கான்டீன்' ஆக்கியது. அங்கே அது முதலில் பாட்டில்கள் உடையாமல் நிற்கத் தடுப்புகள் வைத்த பெட்டி. அதாவது பயணத்தில் கூடவே வரும் நிலவறை. பிறகு, அந்தப் பெட்டியிலிருந்து சிப்பாய்களுக்கு ஒயினும் பிராந்தியும் விற்கும் இடம். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கடை, பெட்டி, தண்ணீர்க் குப்பி என்ற மூன்று பொருளும் ஒட்டிக்கொண்டன. பிரிட்டனில் கரண்டி, கத்தி, முள்கரண்டி அடுக்கிய மரப்பெட்டியைக் கேண்டீன் என்பதும், அமெரிக்காவில் இடுப்பில் தொங்கும் தண்ணீர்க் குப்பியைக் கேண்டீன் என்பதும் அந்தப் பெட்டியின் மிச்சம்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் ஈரக் கேண்டீன், உலர் கேண்டீன் என்று இரண்டு இருந்தன. ஈரத்தில் பியரும் மதுவும், உலரில் மளிகைச் சாமான். இந்தியாவுக்கு வந்தது இந்த ராணுவச் சொல்தான். 1948இல் தொடங்கிய ராணுவக் கேண்டீன் துறை இன்றும் மதுவும் விற்கிறது, மளிகையும் விற்கிறது. நம்மவர் வாயில் 'மிலிட்டரி கேண்டீன் சரக்கு' என்று வரும்போது சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது. அதே 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 தொழிலாளருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் வைக்குமாறு மாநில அரசு விதி செய்யலாம் என்றது. ஆலை, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று சொல் பரவி, மது கழன்று, டீயும் போண்டாவும் நிலைத்தன. பிரான்சிலும் அதே கதைதான்; இன்று அங்கே கான்டீன் என்றால் பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு. டச்சுக்காரர் வழியே இந்தோனேசியாவுக்குப் போன 'கந்தின்' என்ற வடிவம் மலேசியப் பள்ளிகளிலும் உண்டு. அங்கேயும் சாப்பாடு மட்டுமே. அமெரிக்காவில் 1901இல் ராணுவ முகாம்களின் கேண்டீன்களில் மது விற்பதையே சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

ஸ்பானியத்தில் இச்சொல் போன திசைகள் ஒன்றிரண்டல்ல, மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுவதும் இங்கேதான். கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று பார்க்காமல் ஒரே சொல்லைப் போட்டால் கதை கெட்டுவிடும். ஸ்பெயினில் கான்டீனா என்பது ரயில் நிலையத்திலோ படை முகாமிலோ பள்ளியிலோ உள்ள சிற்றுண்டிக் கடை. பியரும் கிடைக்கும், சாண்ட்விச்சும் கிடைக்கும். அங்கே கேண்டீன் என்று எழுதினால் சரியாகவே இருக்கும். புவெனஸ் ஐரிஸின் லா போகா துறைமுகப் பகுதியில் அது இத்தாலியக் குடியேறிகளின் உணவகம். எல்லைக்கு அப்பால் போர்த்துகீசியம் பேசும் சாவோ பாவ்லோவிலும் அப்படியே. கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் அடுக்கு டிபன் கேரியருக்கே கான்டீனா என்று பெயர். மயாமியின் கியூபர்களிடையே மாதக் கணக்கில் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் சேவையும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. கொலம்பியாவின் மலைக் கிராமத்தில் ஒருவர் கழுதையில் இரண்டு கான்டீனா ஏற்றி வருகிறார் என்றால் அவை பால் கேன்கள். அதே கொலம்பியாவில் சாயங்காலம் ஒருவர் கான்டீனாவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், சோம்பு மணக்கும் அகுவார்தியேந்தே என்ற சாராயத்தை ஊற்றிக்கொண்டு காதல் தோல்விப் பாட்டு கேட்கிறார் என்று பொருள். குதிரைச் சேணத்தின் முன்புறம் தொங்கும் தோல் பைகளும் மெக்சிகோவிலும் அமெரிக்கத் தென்மேற்கிலும் கான்டீனாதான். பழைய பண்ணைக் கதைகளில் 'கான்டீனாவிலிருந்து ரொட்டியை எடுத்தான்' என்று வந்தால் அவன் எந்தக் கடைக்கும் போகவில்லை.

இனி மெக்சிகோ. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே குடிக்கும் இடங்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. ஒயினும் பிராந்தியும் விற்ற இடம் 'வினாதெரியா'. கற்றாழை இனச் செடியான மகெயின் சாற்றைப் புளிக்கவைத்த புல்கே விற்ற இடம் 'புல்கெரியா'. 1846 முதல் 1848 வரை நடந்த போரில் அமெரிக்கப் படை மெக்சிகோ நகரத்தைப் பிடித்துப் பல மாதங்கள் தங்கியது. நின்றுகொண்டே குடிக்கும் நீளமான கல்லா மேசை, கலந்து கொடுக்கும் மதுவகைகள் ஆகியவற்றுக்கு அப்போது தேவை ஏற்பட்டு, கான்டீனா என்ற வகை உருவானது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அது வளர்ந்து மெருகேறியது 1876க்குப் பிறகு, போர்ஃபிரியோ தியாஸ் ஆண்ட காலத்தில். செதுக்கிய மரத்தில் பின்சுவர் அலமாரி, பெரிய நிலைக்கண்ணாடிகள், கால் வைத்துக்கொள்ளக் கல்லாவின் அடியில் பித்தளைக் கம்பி, உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாதபடி இரு பக்கமும் ஆடும் அரைக்கதவு எல்லாம் இந்தக் காலத்து அலங்காரம். சில பழைய கான்டீனாக்களில் கல்லாவின் காலடியில் ஓடு பதித்த வாய்க்கால் ஒன்று இன்னும் காணலாம். குடித்துக்கொண்டே நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிக்க வைத்தது. பெண்களை உள்ளே விடாத இடம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை வேண்டாம்.

பலகையும் இருந்தது. பெண்கள், சிறுவர், சீருடை அணிந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். மெக்சிகோ நகரத்தில் இந்தத் தடை விலகியது 1980களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய காலத்துக் கதையில் ஒரு பெண் கான்டீனாவுக்குள் நுழைகிறாள் என்றால் அந்த வாக்கியத்துக்கு இருக்கும் கனத்தை மொழிபெயர்ப்பாளர் உணர வேண்டும். 'பாருக்குள் போனாள்' என்று தட்டையாக எழுதினால் அது வராது. இப்போது சில இடங்களில் 'கான்டீனா ஃபமிலியார்' என்ற பலகை தொங்கும்: குடும்பத்தோடு வரலாம் என்பது செய்தி.

பெயர் பெற்ற கான்டீனாக்களில் முதலில் சொல்ல வேண்டியது மெக்சிகோ நகரத்தின் 'எல் நிவெல்'. தேசிய மாளிகைக்குப் பக்கத்தில், மொனேதா தெருவில் இருந்தது. 1857 முதல் நடந்ததாகவும் நகரத்தின் முதல் எண் கான்டீனா உரிமம் அதனுடையது என்றும் சொல்வார்கள். நிவெல் என்றால் மட்டம். ஏரி நீரின் மட்டத்தை அளக்க அருகே நிறுத்தியிருந்த நினைவுத்தூணிலிருந்து வந்த பெயர். அது 2008இல் மூடப்பட்டது. 'லா ஓபெரா' இன்றும் சின்கோ தே மாயோ தெருவில் இருக்கிறது. அதன் கூரையில் உள்ள ஓட்டையைப் புரட்சித் தளபதி பான்சோ வியா சுட்டது என்று காட்டுவார்கள். பரிமாறுகிறவரிடம் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வடக்கே கடலோர என்செனாதாவில் 1892 முதல் நடக்கும் 'ஹுசாங்ஸ்' ஒரு ஜெர்மானியக் குடியேறி தொடங்கியது. அமெரிக்கர் கூட்டம் அங்கேதான் அதிகம்.

கான்டீனாவைப் பாரிலிருந்து பிரிப்பது 'போதானா'. குடிக்கக் கேட்டால் கூடவே வரும் தீனி. தனிக் காசு இல்லை, அதன் விலை மதுவின் விலையில் அடங்கியிருக்கும். ஆகவே மது கொஞ்சம் கூடுதல் விலையாகத் தெரியும். முதல் சுற்றுக்கு மிளகாய் தூவிய வேர்க்கடலை, பொரித்த பன்றித் தோல். அடுத்த சுற்றில் ஒரு சின்னக் கோப்பையில் காய்ந்த இறால் ரசம். அதற்குப் பிறகு டாக்கோ, டோஸ்தாடா, வார நாளைப் பொறுத்து வெந்து உதிரும் பன்றிக் கணுக்கால் என்று தட்டு கனமாகிக்கொண்டே போகும். மூன்று நான்கு சுற்றில் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். இதன் நேரம் பொதுவாக மதியம் 1 மணியிலிருந்து 5 மணி வரை. இரவில் போய்ப் போதானா எங்கே என்று தேடினால் கடலைதான் மிஞ்சும். எல்லா இடத்திலும் இந்த வழக்கம் நிலைத்துவிடவில்லை, சுற்றுலாப் பகுதிகளில் தீனிக்குத் தனி விலைப்பட்டியல் வந்துவிட்டது. உட்காரும்போதே போதானா உண்டா என்று கேட்டுவிட்டால் பில் வரும்போது முகம் சுளிக்க வேண்டாம். வெறும் தண்ணீர் கேட்பவருக்குத் தட்டு வராது. குளிர்பானத்துக்குத் தருவதும் தராததும் கடைக்காரர் மனசு. பரிமாறுகிறவருக்கு 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே முறை.

'போதானா' என்ற சொல்லுக்கே ஒரு பழைய வாழ்க்கை உண்டு. தோல்பையில் ஒயின் வைத்திருந்த காலத்தில், பையில் ஓட்டை விழுந்தால் அடைக்கும் கட்டைக்கு அந்தப் பெயர். ஸ்பெயினில் இதே வகைத் தீனிக்குத் 'தாபா' என்று பெயர், அதாவது மூடி. ஒரு நாட்டில் மூடி, மற்றொரு நாட்டில் அடைப்பான்.

சைவம் மட்டும் சாப்பிடும் தமிழர்கள் அங்கே போனால் 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொல்வது போதாது. ஸ்பானியத்தில் இறைச்சி என்ற சொல் பலருக்கு மாட்டையும் பன்றியையும்தான் குறிக்கும். கோழி வந்து நிற்கும். கோழி, மீன், இறால் எல்லாவற்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அரைத்து வதக்கிய பயறு சைவமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்தது. வெண்ணெய்ப்பழத்தை மசித்த குவாகமோலே, சப்பாத்திக்கள்ளி மடலில் செய்த நொபாலெஸ், பனேலா பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம்.

குடிக்கும் முறைகளுக்குத் தனிச் சொற்கள் உண்டு, கதைகளில் இவை விளக்கமின்றி வரும். 'தெரெச்சோ' என்றால் எதுவும் கலக்காமல். 'கம்பெச்சானோ' என்றால் மதுவோடு பாதி கோலா, பாதி சோடா. 'கூபா' என்று மட்டும் சொன்னால் ரம்மும் கோலாவும். 'பலோமா' டெக்கீலாவும் பம்ப்ளிமாஸ் வகைப் பழச் சோடாவும். டெக்கீலாவை ஊற்றும் குறுகலான, உயரமான சின்னக் கண்ணாடிக்குக் 'கபாயித்தோ', அதாவது குட்டிக் குதிரை என்று பெயர். சுமார் 60 மில்லி பிடிக்கும். மெக்சிகோ அரசின் தரவிதிப்படி டெக்கீலாவின் சர்க்கரையில் குறைந்தது 51 சதவீதம் நீல அகாவே என்ற மகெய் வகைச் செடியிலிருந்து வர வேண்டும், மீதியைக் கரும்புச் சர்க்கரை நிரப்பலாம். ஆகவே பாட்டிலில் '100 சதவீதம் அகாவே' என்று இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். அதைத் தனியாகக் குடிப்பவர் பக்கத்தில் 'சங்ரித்தா' என்ற சிவப்புச் சாறு இன்னொரு கபாயித்தோவில் நிற்கும். கலக்கக் கூடாது, இதில் ஒரு மிடறு, அதில் ஒரு மிடறு. நான்கு பேருக்குச் செய்ய 150 மில்லி ஆரஞ்சுச் சாறு, 50 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி மாதுளைச் சாறு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு போதும். ஒரு மணி நேரம் குளிரவைக்க வேண்டும். பலர் இதில் தக்காளிச் சாற்றை ஊற்றிவிடுகிறார்கள். அப்போது அது கெட்டிப்பட்டு டெக்கீலாவின் மணத்தையே அமுக்கிவிடும். சிவப்பு நிறத்துக்கு மிளகாயும் மாதுளையுமே போதும். பெட்டியில் வரும் இனிப்புச் சேர்த்த ஆரஞ்சுச் சாறும் ஆகாது. புளிப்பும் காரமும்தான் டெக்கீலாவின் எரிச்சலை அடக்குபவை, இனிப்பு அதைத் தூக்கிக் காட்டும்.

மேசைகளில் டோமினோ ஓடும்: 28 கட்டைகள், இரண்டிரண்டு பேராக நான்கு பேர், ஆளுக்கு 7. அல்லது 'குபிலெத்தே', தோல் குவளையில் ஐந்து பகடைகளைக் குலுக்கிப் போடும் ஆட்டம். பகடை முகங்களில் சீட்டுக்கட்டின் உருவங்கள் இருக்கும். தோற்றவர் அடுத்த சுற்றுக்குக் காசு தர வேண்டும். நடுவில் ஒருவர் சின்ன மின்பெட்டியோடு மேசை மேசையாக வருவார். அவர் 'தோகெஸ்'காரர். பெட்டியிலிருந்து வரும் இரண்டு உலோகக் குழாய்களை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் கைகோத்து வட்டமாக நிற்க, அவர் மின்சாரத்தை மெல்ல ஏற்றுவார். யார் கையை முதலில் விடுகிறார் என்பது பந்தயம். இதற்குக் காசும் கொடுக்கிறார்கள்! கதையில் திடீரென்று யாராவது ஷாக் வாங்கிக் கத்தினால் குழம்ப வேண்டாம்.

பரிமாறுபவரை மெக்சிகோவில் 'ஹோவென்' என்று கூப்பிடுவார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் இளைஞர், ஆனால் அவருக்கு அறுபது வயதானாலும் ஹோவென்தான். 'இளைஞரே' என்று மொழிபெயர்த்து நாடக வசனம் ஆக்கிவிடாதீர்கள், 'தம்பி' என்று போட்டால் அச்சாக விழும். கல்லாவுக்குப் பின்னால் நின்று ஊற்றுபவர் 'கன்தினேரோ'. கியூபாவில் இந்தத் தொழிலுக்கு நல்ல மரியாதை. ஹவானாவில் 1924இலேயே கன்தினேரோக்கள் சங்கம் வைத்துவிட்டார்கள். ஆனால் பெண்பால் வடிவமான 'கன்தினேரா' வந்தால் காலத்தைக் கவனியுங்கள். 1879இல் தொடங்கிய பசிபிக் போரைப் பற்றிய சிலி நாட்டு எழுத்தில் அது படையோடு நடந்து தண்ணீரும் மருந்தும் கொடுத்த பெண். கல்லாவில் நின்றவள் அல்ல. விடைபெறும்போது குடிக்கும் கடைசிக் கோப்பைக்கு 'லா தெல் எஸ்த்ரீபோ' என்பார்கள். எஸ்த்ரீபோ குதிரையேறக் கால் வைக்கும் அங்கவடி. தமிழில் 'கிளம்புறதுக்கு ஒண்ணு' என்றால் தொனி வந்துவிடும்.

நகைச்சுவை நடிகர் மரியோ மொரேனோவின் மேடைப்பெயரான கான்டின்ஃப்ளாஸ் என்பதும் கான்டீனாவிலிருந்து வந்தது, யாரோ கூட்டத்திலிருந்து 'கான்டீனாவில் நீ ஊதுவியே' என்று கத்தியது திரிந்த வடிவம் என்று ஒரு கதை உலவுகிறது. 'ஊதுதல்' என்ற ஸ்பானிய வினை மெக்சிகோப் பேச்சில் குடிப்பதைக் குறிக்கும் என்பது உண்மை. கதை உண்மையா என்பது வேறு. அவர் பெயரிலிருந்து பிறந்த 'கான்டின்ஃப்ளெயார்', நிறையப் பேசி ஒன்றும் சொல்லாமல் விடுவது, ஸ்பானிய அகாடமியின் அகராதியிலேயே ஏறிவிட்டது.

ஆங்கிலத்துக்குள் கான்டீனா வந்தது 1840களில், டெக்சாஸ், நியூ மெக்சிகோப் பயணக் குறிப்புகளின் வழியே. ஆங்கிலத்திடம் கேண்டீன் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அதே வேர்ச்சொல்லை இரண்டாம் தடவை வேறு உடையில் வாங்கியது. தென்மேற்கு ஊர்களில் மெக்சிகோக்காரர் நடத்தும் சிறு மதுக்கூடத்துக்கே முதலில் அந்தப் பெயர். பிறகு கௌபாய்ப் படங்கள் அதைத் தூசி பறக்கும் தெரு, ஆடும் கதவு, துப்பாக்கி என்று ஒரு படமாகவே ஆக்கிவிட்டன. இப்போது அமெரிக்காவில் டெக்கீலா கலந்த மார்கரீட்டா விற்கும் எந்த டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ் பாணி மெக்சிகோச் சமையல்) உணவகமும் கான்டீனா என்று பலகை மாட்டிக்கொள்கிறது. டாக்கோ பெல் என்ற துரித உணவு நிறுவனம் மது விற்கும் தன் கிளைகளுக்கு 2015இலிருந்து இப்பெயரைப் போட்டது. அமெரிக்க ஆங்கிலக் கதையில் வரும் கான்டீனாவும் மெக்சிகோக் கதையில் வருவதும் ஒன்றல்ல. அமெரிக்க நகரத்தில் குழந்தைகளோடு சாப்பிடப் போகும் இடமாக இருக்கலாம். அங்கே மதுக்கூடம் என்று எழுதினால் கதை வேறெங்கோ போய்விடும்.

மெக்சிகோக் கதையில் வரும் மற்ற இடப்பெயர்களையும் சேர்த்துத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. புல்கெரியாவுக்குக் 'கள்ளுக்கடை' என்பதைவிட நல்ல சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. புல்கேயும் கள்ளைப் போலச் செடியிலிருந்து இறக்கிய சாறு. வெண்மையாக இருக்கும், புளித்துக்கொண்டே போகும், ஓரிரு நாளுக்கு மேல் வைக்க முடியாது. கான்டீனாவுக்கு 'சாராயக்கடை' வேண்டாம், அது இடத்தைத் தாழ்த்திவிடும். 'டாஸ்மாக்' என்று வேடிக்கையாகப் போட்டாலும் கதை மெக்சிகோவை விட்டு இறங்கி வந்துவிடும். ஸ்பெயின் கதைகளில் வரும் 'தபெர்னா' லத்தீன் சொல். பழைய ரோமில் அது தெருவோரக் கடை. அந்தக் குடும்பத்தில் ஒன்று நம்மிடமே இருக்கிறது: இலங்கைத் தமிழில் கள், சாராயம் விற்கும் இடத்துக்கு வழங்கும் 'தவறணை', சிங்களத்தில் 'தெபேரும'. யாழ்ப்பாண வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் தபெர்னாவைத் தவறணை என்றே போடலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல் தெரியாது. 'போதேகா' வந்தால் ஊரைப் பார்க்க வேண்டும்: ஸ்பெயினில் ஒயின் கிடங்கு அல்லது ஒயின் கடை, மெக்சிகோவில் பெரும்பாலும் வெறும் கிடங்கு, நியூயார்க்கில் முட்டையும் சிகரெட்டும் விற்கும் மூலைக்கடை. ஸ்பெயின்காரர் இன்று தினமும் போகும் இடத்துக்கு அவர்களே 'பார்' என்றுதான் சொல்கிறார்கள், அது அவர்கள் ஆங்கிலத்திடம் வாங்கிய கடன். அங்கே மட்டும் கை கூசாமல் பார் என்றே எழுதுங்கள்.